எங்கட றோட்டிலை ஆரபி எண்டு ஆரும் இல்லை

இரும் பிள்ளை. அந்தக் கதிரையிலை வேண்டாம், அதின்ரை கால் ஆடும். இதிலை இரும். உம்மோடை வந்தவர் வெளியிலை நிண்டு ரெலிபோன் கதைச்சு முடிச்சிட்டு வரட்டும். வந்த உடனை அவருக்கு ஆரோ கோல் எடுத்தது நல்லதாப் போச்சு. எனக்கு உம்மோடை முதல் கொஞ்சம் கதைக்க வேணும். நீர்தானே மொழிபெயர்க்க வந்த பிள்ளை? ஆரபி சொன்னவள், தமிழ்ப் பிள்ளை ஒண்டும் கூட வரும் எண்டு. அம்மா அப்பா எந்த ஊர்? கரவெட்டியோ? அப்ப உமக்கு நான் சொல்லுறது விளங்கும்.

என்ன? நான் சொல்லுறது எல்லாத்தையும் அவருக்குச் சொல்ல வேணுமோ? ஐயோ, அவர் வந்தாப் பிறகு சொல்லுறதைச் சொல்லும். இது நானும் நீரும் சும்மா இருந்து கதைக்கிறது. தேத்தண்ணியைக் குடியும், ஆறப்போகுது. ஊத்தேக்கை பாதி கோப்பைக்கு வெளியிலைதான் போச்சு. காலமை தொடக்கம் இப்பிடித்தான்.

என்ரை மனுசன் எங்கை எண்டு பாக்கிறீரோ? கோயிலுக்குப் போட்டார். ஊரிலையும் இதே பழக்கம்தான். ஆமி வருகுதெண்டால் சனம் முழுக்கக் கோயிலுக்குத்தானே ஓடுறது. இவர் இஞ்சை காரை எடுத்துக்கொண்டு ஓடிப்போட்டார். 'நீ வடிவாக் கதைப்பாய் மலர்' எண்டு என்னைப் புளுகிப்போட்டு, சேட்டுப் பொத்தானைக்கூடப் பூட்டாமல். சரி, அந்தாளைச் சொல்லி என்ன. அவருக்கு என்னைவிடப் பயம்.

ஆரபி எங்களுக்கு ஒரே பிள்ளை. சிற்றி ஓபீசிலை வேலை. றோட்டு, தண்ணிக் குழாய், எல்லாத்துக்கும் வரைபடம் கீறுற வேலை. நல்ல சம்பளம், பென்சன் இருக்கு, சனி ஞாயிறு லீவு. வேறை என்ன வேணும் சொல்லும்? அது காணாதெண்டு இந்த நாட்டு ஆமியிலை சேரப் போறாளாம். 'முழுநேரம் இல்லையம்மா, ரிசேர்வ் எண்டு சொல்லுறது, கிழமையிலை ஒரு பின்னேரமும் சில சனி ஞாயிறும் போனால் காணும்' எண்டாள். ஏதோ பரதநாட்டிய வகுப்புக்குப் போற மாதிரி.

சரி, ஆமியிலை என்ன வேலையடி எண்டு கேட்டன். சமையலோ, காயத்துக்கு மருந்து கட்டுறதோ எண்டு நினைச்சன். 'புலனாய்வு ஒபிசர்' எண்டாள் பிள்ளை. நான் மீன் வெட்டிக்கொண்டு நிண்டனான். கத்தியை வைச்சிட்டுப் போய் முதல் யன்னலைச் சாத்தினன். உமக்குச் சிரிப்பாக் கிடக்கும். உம்மட அம்மாவிட்டைப் போய் அந்தச் சொல்லைச் சொல்லிப் பாரும், அவவும் யன்னலைத்தான் சாத்துவ. எங்கட சனம் அந்தச் சொல்லைச் சத்தம் போட்டுச் சொல்லாது. எந்தப் பக்கத்துப் புலனாய்வெண்டாலும் வாசலுக்கு வந்து நிண்டால் பெத்தவளுக்கு ஒண்டுதான்.

அவளுக்கு விசர் பிடிச்சிட்டுது எண்டுதான் நினைச்சன். பேஸ்மென்றிலை ரெண்டு அரிசி மூட்டையைச் சேர்த்துக் கட்டி இழுத்து இழுத்துப் பழகினவள். மண்மூட்டை இழுக்கிற சோதினை ஒண்டு இருக்காம். மூட்டை வெடிச்சு அரிசியெல்லாம் நிலத்திலை. கூட்டி அள்ளினது ஆர்? நான்தான். அள்ளி அள்ளிப் பிள்ளையாருக்கு நேத்தி வைச்சனான், 'அப்பனே, இவளைப் பெயில் விடு, உனக்கு மோதகம் அவிச்சுப் படைக்கிறன்' எண்டு. ஓட்டச் சோதினை பாஸ். எழுத்துச் சோதினை பாஸ். டொக்டர் பாத்தார், அதுவும் பாஸ். நேர்முகத்திலை அவளைப் புகழ்ந்து தள்ளினவையாம். பிள்ளையாரும்தான் என்ன செய்யிறது, அவள் சின்னனிலையிருந்து ஒரு சோதினையிலையும் பெயில் விட்டதில்லை.

பேந்துதான் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கேக்கை சொன்னாள்: 'அம்மா, கடைசியா ஒண்டு இருக்கு. ஒரு ஆள் வந்து என்னைப் பற்றி விசாரிப்பார். வீட்டிலையும் கேப்பார், அக்கம்பக்கத்திலையும் கேப்பார். பயப்பிடாதேங்கோ.'

பயப்பிடாதேங்கோவாம்! ஆமி வந்து உன்ரை பேரைச் சொல்லி வீடு வீடா விசாரிக்கும், நீ பயப்பிடாதை! அதுக்குப் பிறகு எனக்கு ஒரு வாய் சோறு இறங்கேல்லை. கார்ச் சத்தம் கேட்டால் திரைச்சீலைக்குப் பின்னாலை போய் நிண்டன். அவள் வேலையாலை வரப் பிந்தினால் றோட்டு முனை மட்டும் நடந்து போய்ப் பாத்திட்டு வருவன். அவளுக்குச் சொன்னால் சிரிப்பாள், ஆனபடியால் சொல்லேல்லை.

நான் செய்த ஒரே வேலை, எங்கட றோட்டிலை இருக்கிற தமிழாக்களுக்குக் கோல் எடுத்தது. பக்கத்து வீட்டுப் பவளராணி அக்கா, முன்வீட்டுச் சபாநாதன் அண்ணை. நான் ஒருதரையும் பொய் சொல்லச் சொல்லேல்லை பிள்ளை, அதை நல்லாக் கேளும். 'ஆரும் வந்து ஆரபியைத் தெரியுமோ எண்டு கேட்டால் தெரியாதெண்டு சொல்லுங்கோ' எண்டுதான் சொன்னனான். ஏன், எதுக்கு, என்ன பிரச்சினை எண்டு ரெண்டு பேரும் கேக்கேல்லை. 'சரி' எண்டிட்டுப் போனை வைச்சினம். ஆபத்து எண்டால் எங்கட சனத்தை அடிக்க ஆளில்லை.

அந்தாள் வந்த அண்டைக்கு நான் மேல் யன்னலிலை நிண்டனான். எனக்கு உந்த ஆமி விசயங்கள் ஒண்டும் தெரியாது. ஆனால் அந்தக் கார் எங்கட வீட்டைத் தாண்டி மெதுவாப் போனது, திரும்பி வந்தது, எங்கட வாசலிலை நிக்காமல் தள்ளிப் போய் நிண்டது. இறங்கினவர் கோட்டுப் போட்டிருந்தார், ஆனால் நடை ஆமி நடை. பிடரி மயிர் புதுசா வெட்டினது. சப்பாத்து முகம் பாக்கலாம் போல மினுங்கினது. கையிலை ஒண்டும் இல்லை, அப்ப சாமான் விக்க வந்த ஆளில்லை. வீட்டு இலக்கத்தைப் பாக்காமல் நேரை பவளராணி அக்காவின்ரை கதவைத் தட்டினார். அப்ப எந்த வீடு எண்டு முந்தியே தெரிஞ்சு வைச்சிருக்கிறார். வந்திட்டாங்கள் எண்டு எனக்கு விளங்கிட்டுது. படியைப் பிடிச்சுப் பிடிச்சுத்தான் கீழை வந்தனான்.

பவளராணி அக்கா பிசகில்லாமல் செய்தவ. 'ஆரபியோ? கேள்விப்படேல்லை.' கதவைச் சாத்தியாச்சு. சபாநாதன் அண்ணைதான் கூத்தாடிப்போட்டார். தெரியாதெண்டு சொல்லிப்போட்டு நிக்க வேண்டியதுதானே? 'அந்த வீட்டிலை பொம்பிளைப் பிள்ளையளே இல்லை, ரெண்டும் பெடியள்' எண்டிருக்கிறார்! எங்களுக்கு ஏது பெடியள்? ஒருத்தன் வேலை, மற்றவன் படிக்கிறான் எண்டும் சொன்னவராம். கடைசி வீட்டிலை இருக்கிற ஜமேக்கா நாட்டு மனுசிக்குக் கோல் எடுக்க நான் மறந்துபோனன். அது வாயெல்லாம் பல்லாச் சொல்லியிருக்கு, 'ஆரபியோ? தங்கமான பிள்ளை, என்ரை வாசலிலை கொட்டிக் கிடக்கிற ஸ்னோவை அள்ளித் தாறவள், அந்தா அந்த வீடு' எண்டு கையை நீட்டிக் காட்டியிருக்கு. பாவம், அந்த மனுசிக்கு இந்த வில்லங்கம் ஒண்டும் விளங்காது.

பிறகு எங்கட கதவு. திறக்காமல் விடலாம், ஆனால் விட்டால் உடைப்பாங்கள் எண்டுதானே எங்களுக்குப் பழக்கம். திறந்தன். அந்தாள் குனிஞ்சு சப்பாத்தைக் கழட்டினார் பிள்ளை. ஆமிக்காரன் சப்பாத்தைக் கழட்டி நான் என்ரை சீவியத்திலை காணேல்லை. அதோடை எனக்கு இருந்த கொஞ்ச உயிரும் போச்சு. கனநேரம் நிக்கத்தானே இவர் கழட்டுறார். சிரிச்சுக்கொண்டு, மெல்லமா, எனக்கு விளங்கட்டும் எண்டு ஒவ்வொரு சொல்லாக் கேட்டார், ஆரபி உங்கட மகளோ எண்டு.

'நோ' எண்டன்.

இஞ்சை ஆரபி எண்டு ஆரும் இருக்கினமோ?

'நோ ஆரபி. நோபொடி.'

அந்தாள் என்னைப் பாக்கேல்லை. என்ரை தலைக்கு மேலாலை பாத்தார். திரும்பிப் பாரும், உந்தச் சுவரிலை, ஆரபியின்ரை படம். கறுப்பு உடுப்பும் தொப்பியும் போட்டு, பட்டம் வாங்கின அண்டைக்கு எடுத்தது. என்ரை மூக்கு அப்பிடியே அவளுக்கு. கழட்டி ஒளிக்க வேணும் எண்டு எனக்குத் தோணேல்லை. ஆரது எண்டு கேட்டார். 'அது கடையிலை பிரேம் வாங்கேக்கை அதோடை வந்த படம்' எண்டன்.

சிரியும், சிரியும். இப்ப நினைச்சால் எனக்கும் ஒரு மாதிரித்தான் இருக்கு. அப்ப சிரிப்பு வரேல்லை பிள்ளை, சத்தியமா. அந்தாள் நன்றி சொல்லிப்போட்டு, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போட்டார். நான் கதவுக்கு உள்பூட்டும் போட்டு, சாமியறையிலை கற்பூரம் கொளுத்தி விழுந்து கும்பிட்டன். பிள்ளையைக் காப்பாத்திப்போட்டன் எண்டு. பவளராணி அக்கா கோல் எடுத்து, 'போட்டாங்களோ?' எண்டா. 'போட்டாங்கள்' எண்டன். ரெண்டு பேரும் போனிலை அழுதம்.

ஆரபிக்கு விசயம் பிறகுதான் தெரியும். அவளைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கினம், நீர் குடுத்த விலாசத்திலை நீர் இருக்கிறீரோ, உம்மட தாய் உம்மைத் தெரியாதெண்டு சொல்லுறாவே எண்டு. பொய் சொல்லுறது நீரோ, இல்லாட்டி வீட்டிலை ஏதும் மறைக்கினமோ எண்டு. வீட்டை வந்தவள் கோட்டையும் கழட்டாமல் படியிலை இருந்திட்டாள். கத்துவாள் எண்டு நினைச்சன். கத்தேல்லை. 'அம்மா, நான் இல்லையெண்டு சொல்லிப்போட்டியளே' எண்டு மட்டும் சொன்னாள்.

அதுக்குப் பிறகு வீட்டிலை கதை இல்லை. நான் சோறு போட்டால் சாப்பிடுறாள். கோப்பையைக் கழுவி வைக்கிறாள். 'போட்டு வாறன்' எண்டுறாள். ஒரு பிள்ளை தாயோடை கதைக்கிற கதையோ அது? வாடகைக்கு இருக்கிற பிள்ளை கதைக்கிற மாதிரி. நான் என்ன பிழை விட்டனான்? நீர் சொல்லும், நான் என்ன பிழை விட்டனான்?

உமக்கு ஒண்டு சொல்லுறன். எனக்குத் தயாபரன் எண்டு ஒரு தம்பி. எங்கட வீட்டிலை கடைக்குட்டி. ஏ-லெவல் சோதினைக்குப் படிச்சுக்கொண்டிருந்தவன். ஒருநாள் விடிய ஆமி ஊரைச் சுத்தி வளைச்சது. எல்லாரையும் பள்ளிக்கூட வளவிலை வெய்யிலுக்கை இருத்தினது, பேந்து விட்டது. தம்பியும் வந்திட்டான். தப்பினம் எண்டு எல்லாரும் இருந்து சாப்பிட்டம். பின்னேரம் ஒருத்தன் வீட்டை வந்தான். நல்ல தமிழ். துவக்கை வெளியிலை நிண்டவனிட்டைக் குடுத்திட்டுத்தான் உள்ளுக்கு வந்தவன். 'தயாபரன் உங்கட மகனோ அம்மா? நல்ல பிள்ளை எண்டு கேள்விப்பட்டம். ஒரு சின்ன விசாரணை' எண்டான். அம்மாவுக்கு அந்தப் பயத்துக்குள்ளையும் ஒரு புளுகம், ஒரு பெருமை. 'ஓம் தம்பி, என்ரை கடைசி மகன்தான், நல்லாப் படிக்கிறவன்' எண்டு, குசினிக்குள்ளை ஒளிச்சு நிண்டவனைத் தானே கூப்பிட்டு விட்டவ. தன்ரை வாயாலை. தம்பி செருப்பைப் போட்டுக்கொண்டு அந்த வந்தவன்ரை பின்னாலை போனவன். பக்கத்து வளவு மனுசி கெட்டிக்காரி, தன்ரை மகனை ஆரெண்டே தெரியாதெண்டு சொல்லிப்போட்டா. அவன் இப்ப லண்டனிலை கடை வைச்சிருக்கிறான்.

அம்மா சாப்பாடும் கட்டிக்கொண்டு ஒவ்வொரு ஆமிக் காம்ப் வாசலிலையும் போய் நிண்டவ. அப்பிடி ஒரு ஆள் இஞ்சை இல்லையெண்டு எல்லா இடத்திலையும் சொன்னாங்கள். பெத்த தாய் படத்தைக் கொண்டுபோய்க் காட்டுறா, அந்தப் படத்தைப் பாத்துக்கொண்டே இல்லையெண்டுறாங்கள். மனுசரோ பிள்ளை அவங்கள்? ஒரு தாயின்ரை முகத்தைப் பாத்து அப்பிடிச் சொல்ல எப்பிடி மனம் வரும்?

என்ன, உம்மட கண் கலங்குது? உங்கட வீட்டிலையும் ஆரோ...? சரி சரி, நான் கேக்கேல்லை. கடதாசி அந்தா கிடக்கு, துடையும்.

நான் ஆரபிக்கு உந்தக் கதையெல்லாம் சொன்னதே இல்லை. பிள்ளை பயப்பிடாமல் வளரட்டும் எண்டு மூடி வைச்சனான். என்ரை மனுசன்தான் எனக்குத் தெரியாமல் அவளுக்குச் சொல்லியிருக்கிறார். நேற்று, இந்த விசாரிக்கிறவர் இண்டைக்கு வாறார் எண்டு தெரிஞ்சு, நான் குசினிக்குள்ளை நிண்டு அழ, அவள் பின்னாலை வந்து நிண்டாள். கன நாளைக்குப் பிறகு கிட்ட வந்தவள். 'அம்மா, மாமாவை ஏன் பிடிச்சவங்கள்?' எண்டாள். ஊருக்கே தெரிஞ்ச விசயம்தானே. வேலிச் சண்டை. எல்லை வேலி ஒரு சாண் தள்ளிப் போட்டது எண்டு பின்வளவுக்காரனுக்கும் எங்களுக்கும் சண்டை. அந்தக் கோபத்திலை அவன் போய் இல்லாததைச் சொல்லிக் குடுத்தது. அதைச் சொன்னன்.

அவள் சொல்லுறாள், 'அதைக் கேட்டு எழுதினவன் ஒருக்கா வந்து விசாரிச்சிருந்தால், சொன்னவனுக்கும் உங்களுக்கும் வேலிச் சண்டை எண்டு பத்து நிமிசத்திலை தெரிஞ்சிருக்கும். சொன்னது உண்மையோ பொய்யோ, சொன்னவன் ஆர், ஏன் சொல்லுறான், அதைத்தான் அம்மா அந்த மேசையிலை இருக்கிறவன் பாக்க வேணும். நான் கேட்டிருக்கிறது அந்த வேலையைத்தான்' எண்டு.

விசர்க்கதை கதையாதை எண்டு ஏசிப்போட்டுப் போய்ப் படுத்தன். அந்த மேசையிலை நல்லவன் இருந்தால் மட்டும்? அவனுக்கு மேலை இன்னொருத்தன் இருப்பான்தானே. நாளைக்கு இவளைச் சண்டை நடக்கிற இடத்துக்கு அனுப்பினால்? அங்கை ஒரு தாய் இவளைக் கண்டு யன்னலைச் சாத்தினால்? எனக்கு நித்திரை வரேல்லை. வேலைக்குப் போகேக்கை வாசலிலை நிண்டு சொன்னாள், 'அம்மா, என்னைப் பற்றி நல்லதாச் சொல்ல வேண்டாம். இல்லையெண்டு மட்டும் சொல்லாதேங்கோ' எண்டு. விசாரிக்கிறவருக்கு என்ரை வாயாலைதான் கேக்க வேணுமாம். இதுதான் கடைசி முறையாம். இண்டைக்கும் நான் 'நோ' எண்டால் எல்லாம் முடிஞ்சுது.

விளங்குதோ பிள்ளை? ஒரு சொல்லு. இல்லையெண்டால் அவள் போகமாட்டாள், கண்ணுக்கு முன்னாலை இருப்பாள், சாகும் வரைக்கும் என்னோடை மனம் விட்டுக் கதைக்கமாட்டாள். ஓம் எண்டால்...

வாறார். கதவுச் சத்தம். பாத்தீரோ, திரும்பவும் சப்பாத்தைக் கழட்டுறார். என்ரை பிள்ளையாரே. கிட்ட வந்திரும் பிள்ளை, எனக்குப் பக்கத்திலை இரும்.

என்ன கேக்கிறார்? ஓம், விளங்குது, அதே கேள்வி. ஆரபி உங்கட மகளோ. அதே சிரிப்பு. இன்னும் ஏதோ கேக்கிறாரே? அவளை நம்பலாமோ எண்டோ? ஒரு நிமிசம் பொறுக்கச் சொல்லும். தண்ணி ஒரு மிடறு குடிச்சிட்டுச் சொல்லுறன்.

சொல்லும் பிள்ளை.

ஓம் எண்டு சொல்லும். நான் பெத்த பிள்ளை. ஒரே பிள்ளை. முன்னம் நான் சொன்னது பொய், பயத்திலை சொன்னனான். பொய் சொன்னது நான், அவளை அதுக்குப் பிடிக்க வேண்டாம். அவள் ஒருநாளும் பொய் சொல்லமாட்டாள், அதுதான் எனக்கு அவளோடை பெரிய கரைச்சல். வேலியைப் பற்றி ஆரும் வந்து சொன்னால் போய்ப் பாத்திட்டுத்தான் நம்புவாள். அவளை நம்பலாம். நம்பலாம் எண்டு சொல்லும். பக்கத்து வீட்டுச் சனம் பாவங்கள், அதுகள் எனக்காகச் சொன்னதுகள், அதையும் சொல்லும். எல்லாத்தையும் சொன்னீரோ? ஒண்டையும் விடேல்லையோ?

ஏன் எழும்புறார்? முடிஞ்சுதோ? இவ்வளவுதானோ? எனக்குக் கை தாறார்.

பொறும் பிள்ளை, போகாதையும். அவரையும் நிக்கச் சொல்லும். நான் சொல்லிப்போட்டன்தானே, இனி அவர் எனக்குச் சொல்ல வேணும். அவளை எங்கை வைச்சிருப்பினம்? எந்தக் காம்ப்? பேரை எழுதித் தரச் சொல்லும். நாங்கள் போய்ப் பாக்க எந்த நாள் விடுவினம்?

ஒவ்வொரு நாளும் வீட்டை வருவாள் எண்டோ சொல்லுறார்? ஓம், ஓம், அப்பிடித்தான் சொல்லுறவை. நீர் இதை ஒருக்கா வடிவாக் கேட்டுச் சொல்லும். வெள்ளிக்கிழமையிலை அவள் மீன் இறைச்சி, மச்சம் ஒண்டும் சாப்பிடமாட்டாள். நான் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்தால் வாசலிலை வாங்குவினமோ?